அது காட்டு மரம் அல்ல: வட கானாவில் நிலம் எடுத்திருக்கும் நம்மூர் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

தமாலே நகரத்துக்கு வெளியே முந்திரித் தோட்டம் போட நீங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலத்தின் வரைபடத்தைப் பார்த்தேன். நிலத்தை மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறீர்கள். ஆழ்துளைக் கிணறு, வேலி, காவலர் அறை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு இருக்கிறது. அங்கே ஏற்கெனவே நிற்கும் மரங்களுக்கு மட்டும் ஒரே வரி: "அகற்ற வேண்டிய காட்டு மரங்கள்." அந்த வரியின்படி முதல் பகுதியில் ஜனவரியில் வெட்டு நடந்தது. மழை பிடிப்பதற்குள் மற்ற இரண்டு பகுதிகளையும் முடித்துவிடச் சொல்லி இப்போது உத்தரவு வந்திருக்கிறது.

வெட்டியவற்றில் பெரும்பாலானவை ஷியா மரங்கள். அந்த மரத்தின் வெண்ணெயைத்தான் நீங்கள் சென்னையில் சின்ன டப்பாக்களில் அடைத்து விற்கிறீர்கள். மூடியில் மரத்தடியில் சிரிக்கும் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் படம். கீழே "காட்டில் தானாக விளைந்தது" என்று பெருமையாக ஒரு வாசகம். இங்கே வெட்டச் சொன்னதும் அங்கே விற்பதும் ஒரே சொல்லை வைத்துத்தான் நடக்கிறது: காட்டு மரம். எவரும் வளர்க்கவில்லை, எவருக்கும் சொந்தமில்லை, ஆகவே எவரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது அதன் பொருள். இந்தச் சொல் பொய். எப்படிப் பொய் என்று சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்த வேலையைச் செய்பவர்கள் நீங்கள் மட்டும் அல்ல. படிக்கிற மற்றவர்களும் தங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளட்டும். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். தமாலேயில் உங்கள் கிடங்குக் கணக்கைப் பார்த்தவன். வேலையை விட்ட பிறகும் இந்த ஊரிலேயே தங்கிவிட்டவன். மேலாளரிடம் வாயால் சொன்னேன், மின்னஞ்சலிலும் சொன்னேன். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்ற பதிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. சரி, இனி எல்லோர் முன்னாலும் பேசிக்கொள்வோம்.

இந்த ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். தமாலே என்றதும் "தமிழோடு ஏதாவது தொடர்பு உண்டா?" என்று கேட்காத தமிழர் இல்லை. ஒரு தொடர்பும் கிடையாது. தாக்பானி மொழி பேசுகிறவர்கள் சொல்லும் விளக்கம் இது: ஷியாப் பழத்துக்குத் தாமா என்று பெயர்; வீடு என்பதற்கு யிலி. தாமா யிலி, அதாவது ஷியாப் பழத்தின் வீடு, என்பதுதான் வெள்ளைக்காரன் வாயில் புகுந்து தமாலே ஆயிற்று. கானாவின் வட பகுதிக்கே தலைநகரம் போன்ற ஊர் இது. அந்த ஊர் தன் பெயரையே ஒரு மரத்தின் பழத்திலிருந்து எடுத்திருக்கிறது. அதன் விளிம்பில் நின்றுகொண்டு அந்த மரத்தைத்தான் நீங்கள் "அகற்ற வேண்டியது" என்று குறித்திருக்கிறீர்கள்.

மரத்துக்கு இவர்கள் சொல்லும் பெயர் தாங்ஙா. அங்ஙனம் என்று சொல்லும்போது வரும் ங் ஒலி. பொதுவாக மரம் என்றால் தியா, மருந்து என்றால் திம். அந்த இரண்டுக்கும் உள்ள உறவு காதிலேயே கேட்கும். தாங்ஙாவைப் பொறுத்தவரை அது வெறும் ஒலி உறவு அல்ல. பிறந்த குழந்தையின் உடம்பில் தேய்ப்பது அதன் வெண்ணெய். சுளுக்குக்குத் தேய்ப்பதும் அதுதான். நவம்பரிலிருந்து சகாராப் பக்கமிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று புழுதியோடு இறங்கும். உதடும் குதிகாலும் பிளந்துபோகும். அப்போது எல்லா வீட்டிலும் கை போகிற இடம் அந்த வெண்ணெய்க் கிண்ணம்தான். சமையலும் அதில்தான். மின்சாரம் வராத காலத்தில் விளக்கும் அதில்தான் எரிந்தது. அந்த வெண்ணெய்க்குப் பெயர் க்பம். ககரத்தையும் பகரத்தையும் ஒரே அடியாக உச்சரிக்க வேண்டும், எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. எண்ணெய், கொழுப்பு எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். எள்ளின் நெய்யாக இருந்த சொல் நம்மிடம் எல்லா எண்ணெய்க்கும் பொதுவாகிவிட்டதே, அதே கதை. எந்த எண்ணெய் ஒரு வீட்டில் முதலில் நினைவுக்கு வருகிறதோ அதன் பெயர்தான் மற்றவற்றின்மேலும் ஏறும்.

இப்போது "காட்டு மரம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். ஷியாவை இங்கே யாரும் தோப்பாக நட்டு வளர்ப்பதில்லை என்பது உண்மைதான். உங்கள் ஆட்கள் அதையே பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். ஆனால் தமாலேயிலிருந்து டோலோன் பக்கமோ சவேலுகு பக்கமோ வண்டியில் போய்ப் பாருங்கள். சோளமும் நிலக்கடலையும் பெருவள்ளி வகைக் கிழங்கும் விளையும் வயல்களுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு ஷியா மரங்கள் நிற்கும். இடையிடையே தாவதாவா என்ற, நெற்று நெற்றாகக் காய்க்கும் மரம். அந்த இடைவெளி தானாக வந்ததல்ல. புதிதாக ஒரு நிலத்தைத் திருத்தும்போது மற்ற மரங்களை வெட்டிவிட்டு இந்த இரண்டையும் விட்டுவைப்பது தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். நிலம் சிலகாலம் தரிசாகக் கிடக்கும்போது விதை விழுந்து முளைக்கும் கன்றுகளில் எதை விடுவது, எதை எடுப்பது என்று முடிவு செய்வதும் உழவர்தான். எந்த மரம் நிறையக் காய்க்கிறது, எதன் பழம் இனிப்பு, எது சும்மா நிற்கிறது என்று ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். நட்டால்தான் வளர்ப்பதா? வெட்டாமல் விட்டுவைப்பதும் அதே அளவு வேலைதான்.

அரசாங்கமே இதைக் காட்டு மரம் என்று நினைக்கவில்லை. கானா 2019இல் மரப்பயிர் மேம்பாட்டு ஆணையத்துக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் வரும் பயிர்கள் ஆறு: முந்திரி, ஷியா, மா, தென்னை, ரப்பர், எண்ணெய்ப்பனை. நீங்கள் நடப்போகும் மரமும் நீங்கள் வெட்டிய மரமும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. ஒன்றைப் பயிர் என்றும் மற்றதைக் களை என்றும் எப்படி எழுதினீர்கள்?

சொந்தம் யாருக்கு என்ற கேள்வியிலும் இங்கே எழுதாத சட்டம் தெளிவாக இருக்கிறது. தாவதாவா மரத்தின் காய் மரபுப்படி ஊர்த் தலைவருக்கு உரியது. அவர் அனுமதியில்லாமல் பறிக்க முடியாது. ஷியா அப்படியல்ல. வயலில் நிற்கும் மரத்தின் பழம் அந்த வயலை உழும் வீட்டுப் பெண்களுக்கு. தரிசிலும் புதரிலும் நிற்பது, முதலில் போய்ப் பொறுக்குகிறவர்களுக்கு. மரத்தை உலுக்கக் கூடாது, கல்லெறியக் கூடாது. தானாக விழுந்ததை மட்டும் எடுக்க வேண்டும். விழுந்த பழம்தான் முற்றிய பழம் என்பதால் இதில் நியாயமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது.

நீங்கள் சொல்லப்போவது தெரியும்: ஊர்த் தலைவரிடம் முறைப்படி கேட்டோம், மரியாதைக்குக் கோலாக் கொட்டை வைத்தோம், பணம் கட்டினோம், கையெழுத்து வாங்கினோம். உண்மைதான். தாக்பானி பேசுகிறவர்களின் மரபு அரசான டாக்போனில் தலைவர்கள் விலங்குத் தோலின் மேல் அமர்ந்து ஆள்கிறவர்கள். யெண்டியில் இருக்கும் யா-நா அவர்களுக்கெல்லாம் அரசர். நிலம் அந்தத் தோலுக்கு உரியது என்பது சட்டமும் ஒப்புக்கொண்டது. நிலத்தைக் குத்தகைக்கு விட அவர்களுக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிலத்தைக் கேட்டபோது மரத்தைக் கேட்டீர்களா? மகாசியா என்று இங்கே பெண்களின் தலைவியை அழைப்பார்கள். அந்த ஊர் மகாசியாவை ஒரு கூட்டத்துக்காவது கூப்பிட்டீர்களா? "இங்கே பெண்களுக்கு நிலப் பேச்சில் இடமில்லை, அது அவர்கள் பழக்கம்" என்று உங்கள் மேலாளர் எனக்குப் பாடம் எடுத்தார். பெண்கள் தலைவியாக அமர்ந்து ஆளும் ஊர்களும் இதே டாக்போனில் உண்டு. அரசரின் மகள்களுக்கென்றே இருக்கும் பதவிகள் அவை, குண்டோ-நா அவர்களில் மூத்தவர். பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் பழக்கத்தை முழுதாகத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

முதல் பகுதியில் மரம் விழுந்த மறுநாள் நான் அங்கே போயிருந்தேன். வயதான ஷியாவின் பட்டை முதலை முதுகைப்போல் கட்டம் கட்டமாகப் பிளந்திருக்கும். உலர்காலத்தில் புல் பற்றி எரிந்தாலும் மரம் தாங்குவது அந்தப் பட்டையால்தான். வெட்டுவாயில் மரம் செம்பழுப்பாக இருந்தது. பட்டையின் ஓரத்தில் பால் வடிந்து காய்ந்திருந்தது. இலை உதிர்ந்து பூ விடத் தொடங்கியிருந்த சமயம். விழுந்த கிளைகளின் நுனியில் கொத்துக் கொத்தாகப் பூ. தேனீக்கள் இன்னும் அதில் மொய்த்துக்கொண்டிருந்தன. கரி சுடுகிறவர்கள் அதற்குள் வந்துவிட்டார்கள். ஷியா விறகு நின்று எரியும், நல்ல கரி கொடுக்கும். துண்டு போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி நாலைந்து பெண்கள் நின்றார்கள். அழவில்லை, சண்டை போடவில்லை. அதில் மூத்தவர், எல்லோரும் ம்மா என்று கூப்பிடுகிறவர், ஒவ்வொரு அடிக்கட்டையாகப் போய் நின்று ஒரு பெயர் சொன்னார். மரத்துக்குப் பெயரா என்று பக்கத்தில் இருந்த பையனிடம் கேட்டேன். மரத்தின் பெயர் இல்லை, அதன் கீழே பொறுக்குகிறவர்களின் பெயர் என்றான். உங்கள் வரைபடத்தில் இல்லாத பட்டாப் பதிவேடு அது.

எந்த நேரத்தில் இந்தப் பழம் வருகிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. போன வருட தானியம் தீர்ந்து, இந்த வருடப் பயிர் இன்னும் முளையாக இருக்கும் மே, ஜூன், ஜூலை மாதங்கள்தான் வட கானாவில் வயிறு காயும் காலம். சரியாக அப்போதுதான் தாமா விழத் தொடங்கும். மேல் சதை இனிப்பு. பிள்ளைகள் போகிற வழியிலேயே தின்பார்கள், பெரியவர்களுக்குப் பல நாள் காலை உணவே அதுதான். உள்ளே இருக்கும் கொட்டைதான் பணம். பெண்கள் விடியுமுன் டார்ச் விளக்கோடு கிளம்புவார்கள். புல் ஈரமாக இருக்கும், பாம்பும் தேளும் கிடக்கும். தலையில் பேசின் நிறையத் தூக்கி வந்து வைத்துவிட்டு, அப்புறம்தான் அன்றைய வயல் வேலை, தண்ணீர், அடுப்பு எல்லாம்.

கொட்டையை அவித்து, வெயிலில் காயவைத்து, ஓடு உடைத்துப் பருப்பை எடுத்து மீண்டும் காயவைக்க வேண்டும். நீங்கள் வாங்கிப் போவது இதுவரைதான். வெண்ணெய் ஆக்குகிறவர்களுக்கு இதற்கு மேல்தான் உண்மையான வேலை. பருப்பை இடித்து, வறுத்து, அரைத்தால் சாக்லேட் நிறத்தில் ஒரு விழுது வரும். அதைப் பெரிய பேசினில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கையால் பிசைய வேண்டும், தோள்பட்டை விட்டுப்போகிற வரைக்கும். எப்போது வெந்நீர், எப்போது குளிர்ந்த நீர் என்பது விரலுக்குத்தான் தெரியும், புத்தகத்தில் இல்லை. பிசையப் பிசைய நிறம் வெளுத்துக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் கொழுப்பு பிரிந்து வெள்ளை நுரையாக மேலே வந்துவிடும். அதை அள்ளிக் கழுவி, காய்ச்சி, வடித்து, ஆறவிட்டுக் கிளறினால் க்பம். ஒரு கிலோ வெண்ணெய்க்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ பருப்பு பிடிக்கும். இதில் எந்த நிலையிலும் ஆண்களின் கை படுவது அபூர்வம். சந்தையில் விற்ற காசும் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே நிற்கும்; பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதிலிருந்துதான் போகும். முந்திரி அப்படியல்ல. முந்திரி நட்ட நிலம் ஆண்களின் கணக்கில் போய்விடும், உங்கள் தோட்டம் என்றால் உங்கள் கணக்கில்.

முந்திரியை நான் குறைத்துப் பேசவில்லை. பண்ருட்டிக்காரர்கள் பலர் உங்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முந்திரி சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடியில் வந்து இறங்காவிட்டால் நம்மூரில் எத்தனை தொழிற்சாலை ஓடும் என்பதும் தெரியும். மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும் மரத்தின் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் முந்திரி குடை கட்டிவிட்டால் கீழே சோளம் விளையாது, கடலை விளையாது. ஷியாவின் கீழே எல்லாம் விளையும். ஒரே நிலத்தில் சாப்பாடும் எண்ணெயும் கிடைத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒற்றைப் பயிரைக் கொண்டுவருகிறீர்கள். காலியாகக் கிடக்கும் நிலத்தில் போடுகிறீர்கள் என்றால் நான் ஏன் பேசப்போகிறேன்?

"வெட்டியதற்குப் பதிலாக இரண்டு மடங்கு கன்று நட்டுக் கொடுக்கிறோம்" என்று உங்கள் திட்ட அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துத்தான் எனக்குக் கோபமே வந்தது. விதையிலிருந்து வளரும் ஷியா முதல் பழம் விட 15 முதல் 20 ஆண்டு ஆகும். முழுப் பலனுக்கு வர 40, 50 ஆண்டு. அதன் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் காய்த்துக்கொண்டிருக்கும். இருநூறு ஆண்டு நிற்கும் மரங்கள் உண்டு. கானாவின் 1992 அரசமைப்புச் சட்டத்தின் 266ஆம் பிரிவுப்படி வெளிநாட்டவருக்கு நிலத்தில் 50 ஆண்டுக்கு மேல் உரிமை கிடையாது. ஆக, நீங்கள் நட்டுத் தருவதாகச் சொல்லும் கன்று முழுப் பலனுக்கு வரும்போது உங்கள் குத்தகையே முடியும் தறுவாயில் இருக்கும். கையெழுத்துப் போட்டவர் எவரும் உயிரோடு இருக்க மாட்டார். போலே ஊரில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுக் கட்டி இந்தக் காலத்தைக் குறைக்கப் பல வருடமாக உழைக்கிறார்கள், நல்ல காரியம். அது வெட்டுவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. உலக அளவில் அழியும் வாய்ப்புள்ள இனம் என்று, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன்னின் செம்பட்டியலில் 1998இலேயே ஏறிய மரம் இது.

இதே குடும்பத்தில் நம்மூர் மரம் ஒன்று இருப்பதை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள்: இலுப்பை. இரண்டும் சப்போட்டாக் குடும்பம். வெட்டினால் பால் வடிவது அதனால்தான். இலுப்பை எண்ணெயில் கோயில் விளக்கு எரிந்தது, பிண்ணாக்கில் தலை தேய்த்தார்கள், பூவைச் சர்க்கரை என்றார்கள். இலுப்பைப்பட்டுக் கோயிலுக்கு அதுதான் தலமரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு சாக்லேட் விதி, கோகோ அல்லாத ஆறு கொழுப்புகளை 5 சதவீதம் வரை சேர்க்கலாம் என்கிறது. ஷியா அதில் ஒன்று. "இல்லிப்பே" என்ற பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது போர்னியோத் தீவின் வேறொரு மரம், பெயர் மட்டும் நம் இலுப்பையிலிருந்து போய் ஒட்டிக்கொண்டது. பெயர் உலகம் சுற்றுகிறது. மரத்தை ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சாலையோர இலுப்பைகளை வெட்டும்போதும் "பழைய காட்டு மரம்தானே" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தாக்பானி பேசும் மக்கள் மரத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இன்னும் ஒரு சாட்சி. இவர்கள் நாட்காட்டியில் ஆண்டின் முதல் மாதம் ஒன்பதாம் இரவில் இங்கே புகும் என்ற நெருப்புத் திருவிழா நடக்கும். அதன் கதை: ஓர் அரசரின் மகன் காணாமல் போகிறான். இரவில் பந்தம் கொளுத்திக்கொண்டு தேடிப் போகிறவர்கள் ஒரு மரத்தடியில் அவன் தூங்குவதைக் கண்டுபிடிக்கிறார்கள். பையனை ஒளித்துவைத்தது மரம்தான் என்று அதன்மேல் பந்தங்களை வீசித் தண்டிக்கிறார்கள். இன்றும் ஊர் ஊராகப் பந்தத்தோடு போய் ஒரு மரத்தில் வீசிவிட்டுத்தான் திரும்புவார்கள். குற்றம் சாட்டித் தண்டனை கொடுக்கிற அளவுக்கு மரத்தை ஓர் ஆளாக மதிக்கிற ஊர் இது. நகரத்தை ஒட்டியே மால்ஷெகு என்ற ஊரில் ஒரு சாமிக்காடு இருக்கிறது. சுற்றிலும் நிலம் மொட்டையானபோதும் அதற்குள் வெட்டு விழவில்லை. இந்த மக்களுக்குச் "சூழல் விழிப்புணர்வு" முகாம் நடத்தப்போவதாக உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் படித்தேன். சிரிப்பு வந்தது.

வியாபாரமாகவே பேசினாலும் உங்கள் கணக்கு சரியாக இல்லை. பருப்பாக அள்ளிக்கொண்டு போகும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. புர்க்கினா ஃபாசோ 2024இல் கொட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. நைஜீரியா 2025 ஆகஸ்டில் ஆறு மாதத் தடை போட்டது. கானாவிலும் பதப்படுத்தாத கொட்டையை வெளியே விடக் கூடாது என்ற பேச்சு அரசாங்கத்தின் உச்சியிலிருந்தே வருகிறது. நாளைக்கு உங்களுக்கு வெண்ணெய் வேண்டுமென்றால் இந்தப் பெண்களின் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். மரத்தை வெட்டிவிட்டு வந்தால் எந்த முகத்தோடு வருவீர்கள்?

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். எதுவும் உங்களால் முடியாதது அல்ல.

இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் வெட்டும் உத்தரவை உடனே எழுத்தில் நிறுத்துங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒப்பந்தக்காரர் காதில் ஏறாது. அவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று கூலி.

முதல் பகுதியில் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்கவும், அவற்றின் மேல் களைக்கொல்லி பூசவும் திட்டம் இருப்பதாகத் தெரிகிறது. இரண்டையும் செய்யாதீர்கள். ஷியா அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேர் ஏற்கெனவே ஆழமாக இருப்பதால் அந்தத் துளிர் புதுக் கன்றை விடச் சீக்கிரம் மரமாகும். நெருப்பும் ஆடும் அண்டாமல் சுற்றி வேலி மட்டும் போட்டுக்கொடுங்கள்.

மீதியிருக்கும் ஷியா, தாவதாவா மரங்களை மகாசியாவையும் அங்கே பொறுக்கும் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் எண்ணுங்கள். எந்த மரம் யாருடையது என்று அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, குத்தகைப் பத்திரத்தோடு இணையுங்கள். முந்திரி போட்டே ஆக வேண்டுமென்றால் அந்த மரங்களுக்கு இடம் விட்டு, இடைவெளியை மாற்றி, புது வரைபடம் போடுங்கள். அந்த வரைபடத்தை ஊரில் வைத்து தாக்பானியில் படித்துக் காட்டுங்கள்.

வெட்டிய மரங்களுக்கு இழப்பீடு கொடுங்கள். விறகு விலை அல்ல. அந்த மரம் இனி கொடுத்திருக்கக்கூடிய ஆண்டுகளின் கொட்டை விலை. அது தலைவர் வழியாகப் போக வேண்டாம், வீட்டு ஆண்கள் வழியாகவும் வேண்டாம். பெண்கள் குழுவின் வங்கிக் கணக்கில் நேராகப் போகட்டும். ம்மாவுக்கு ஒவ்வொரு கட்டையின் பெயரும் தெரியும். அவரிடம் கேட்டுப் பட்டியல் எழுதுங்கள்.

வேலிக்குள் வந்து பழம் பொறுக்கும் உரிமையைப் பத்திரத்தில் எழுதிக் கொடுங்கள். வாயிற்காவலரின் மனநிலையைப் பொறுத்ததாக அது இருக்கக் கூடாது. விடியுமுன்னே கதவு திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் பொறுக்குவது அப்போதுதான்.

நீங்கள் வாங்குவதில் ஒரு பங்கையாவது பருப்பாக வாங்காமல், சக்னரிகு பக்கத்திலும் சுற்று ஊர்களிலும் பெண்கள் குழுக்கள் பிசைந்த வெண்ணெயாக, பருவம் தொடங்கும் முன்பே விலை பேசி, முன்பணம் கொடுத்து வாங்குங்கள். பசி மாதங்களில் அடிமாட்டு விலைக்குப் பருப்பு வாங்கிக் கிடங்கில் அடுக்கும் வேலையை, அதன் கணக்கை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், நிறுத்துங்கள்.

டப்பாவில் இருக்கும் "காட்டில் தானாக விளைந்தது" என்ற வாசகத்தை எடுங்கள். எந்த ஊர், எந்தக் குழு, அவர்கள் அந்த மரத்தை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று எழுதுங்கள். படம் போட வேண்டுமென்றால் படத்தில் இருப்பவரிடம் சம்மதம் கேட்டு, அதற்கும் பணம் கொடுத்துப் போடுங்கள்.

மே மாதம் பழம் விழத் தொடங்கிவிடும். அதற்கு முன் உங்களில் ஒருவராவது இங்கே நேரில் வந்து ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். மேலாளரை அனுப்பாதீர்கள், முடிவெடுக்கிறவர் வாருங்கள். ஏப்ரல் மாத இறுதிக்குள் பதில் வரவில்லை என்றால், வரைபடத்தின் நகலையும் முதல் பகுதியின் புகைப்படங்களையும் மரப்பயிர் ஆணையத்துக்கும், யெண்டியில் அரசரின் அவைக்கும், சென்னையில் உங்கள் பொருளை அடுக்கிவைத்திருக்கும் கடைகளுக்கும் அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தமாலேக் கிடங்கின் முன்னாள் கணக்கர்